தனிமை தேடிப் பாலைவனத்துக்கு: நல்லார்பர், நமீப், அட்டகாமா, மொஹாவி

பாலைவனத்தில் தனியாக வண்டி ஓட்டக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தில் எங்கே வெறுமை அதிகம் என்று பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்கிறார்கள். என் கேள்வி வேறு. மனதுக்குப் பிடித்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க அங்கேயே இருக்க முடியுமா? ஓடுகிற வண்டிக்குள்ளும் தனிமை உண்டுதான். ஆனால் எஞ்சின், டயர், கண்ணாடியில் மோதும் காற்று என மணிக்கணக்கில் கேட்ட இரைச்சல் காதைவிட்டுப் போகவே நேரம் பிடிக்கும். அதன்பிறகுதான் உண்மையான அமைதி தொடங்குகிறது. அந்த நேரத்தை எந்த நிலம் தாராளமாகத் தருகிறது என்று பார்த்து இந்த நான்கையும் எடை போட்டிருக்கிறேன்.

தார் பாலைவனம் ஏன் பட்டியலில் இல்லை என்று சிலருக்குத் தோன்றலாம். உலகப் பாலைவனங்களில் மக்கள் நெருக்கம் மிகுந்தது அது. அழகில் குறைவில்லை. ஆனால் யாருமே இல்லாத ஒரு பகலை அங்கே பெறுவது கடினம்.

ஆஸ்திரேலியாவின் நல்லார்பரில் எல்லாமே சாலைதான். மேற்கே நார்ஸ்மனிலிருந்து கிழக்கே போர்ட் அகஸ்டா வரை சுமார் 1,660 கிலோமீட்டர் ஓடும் ஐர் நெடுஞ்சாலைக்கு முழுவதுமாகத் தார் போட்டு முடித்தது 1976-இல். பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. பெட்ரோலும் படுக்கையும் தரும் விடுதிகள் ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்குள் ஒன்றாவது வந்துவிடும். சில இடங்களில் நெடுஞ்சாலையிலேயே விமான ஓடுபாதைக் கோடுகள் போட்டிருப்பார்கள். பறக்கும் மருத்துவ சேவையின் விமானம் அவசரத்துக்கு இறங்க அந்த ஏற்பாடு. அறிவியல் கணக்கில் இது அரைப் பாலைவனம் என்றாலும், தனியாகப் போகிறவருக்கு நான்கிலும் பாதுகாப்பானது இதுதான்.

குறை என்னவென்றால், ஒரே சாலை. கண்டத்தின் குறுக்கே சாலையில் போகும் சரக்கில் பெரும்பகுதி அதே வழியில்தான் போகிறது. இரவில் சாலையோர ஓய்விடத்தில் படுத்தால், பல இணைப்பு வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும் லாரிகள் தரையை அதிரவைத்துக் கடக்கும். ஓய்விடத்திலிருந்து மண் தடத்தில் கொஞ்ச தூரம் உள்ளே போனால்தான் அந்தச் சத்தம் குறையும்.

இருந்தாலும் சிலருக்கு இதுவே பொருத்தம். வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் திமோதி வில்சனும் சக ஆய்வாளர்களும் 2014-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். வெற்று அறையில் 15 நிமிடம் தங்கள் எண்ணங்களோடு தனியாக இருக்க வேண்டும். வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்தித் தங்களுக்கே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். இத்தனைக்கும் அந்த அதிர்ச்சி வேண்டாம், அதைத் தவிர்க்கப் பணம்கூடத் தருவோம் என்று முன்பே சொன்னவர்கள் அவர்கள். சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டம். கைக்கு ஸ்டீயரிங், கண்ணுக்குத் தொடுவானம் என்று சின்ன வேலை கொடுத்து மனதை மெல்ல அடங்கவிட நல்லார்பர் போல ஒரு சாலை இல்லை. சும்மா இருந்து பழக்கமில்லாதவர்கள் இங்கே தொடங்கலாம்.

அழகில் நமீப்பை மிஞ்ச எதுவும் கிடையாது. சுமார் 8,25,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நமீபியாவில் மொத்த மக்கள்தொகையே 30 லட்சம்தான். பெங்குவேலா என்ற குளிர் கடலோட்டத்தால் எழும் மூடுபனி கடற்கரையிலிருந்து உள்ளே நகர்ந்து வரும். மழையில்லாத நிலத்தின் செடிகளும் வண்டுகளும் அந்த ஈரத்தை நம்பித்தான் வாழ்கின்றன. இதையெல்லாம் வண்டியின் முன்கண்ணாடி வழியாகவே பார்க்கலாம்.

ஆனால் சாலை உங்களை விடாது. வால்விஸ் பே-யிலிருந்து சாலிட்டேர் போகும் சி14 போன்ற சாலைகள் பெரும்பாலும் சரளைதான். தகரக் கூரை போல வரிவரியாக எழும்பிய தரை, திடீரென்று வரும் மணல் திட்டு, வளைவில் குவிந்து கிடக்கும் தளர்ந்த கல். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டி பக்கவாட்டில் வழுக்கும். பதறி ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பினால் புரண்டுவிடும். வேறெந்த வண்டியும் சம்பந்தப்படாமல் தானே கவிழும் விபத்து இங்கே பயணிகளுக்குப் பெரிய ஆபத்து. அதனால் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், மாற்று டயர் இரண்டு இருந்தால் நல்லது, இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது, மான்கள் குறுக்கே வரும். இவ்வளவு கவனத்தோடு ஓட்டுகிறவருக்கு மனதில் வேறெதற்கும் இடமிருக்காது. அதுவும் ஒருவகை நிம்மதிதான், மறுக்கவில்லை.

நிறுத்தித் தங்குவதிலும் தடைகள் உண்டு. தேசியப் பூங்காவுக்குள் குறித்த முகாம்களில் மட்டும்தான் தங்கலாம், வெளியே பெரும்பகுதி வேலியிட்ட தனியார் நிலம். பூங்காவின் செஸ்ரிம் வாயில் சூரிய உதயத்தில் திறந்து அஸ்தமனத்தில் மூடும். அதனாலேயே விடிந்ததும் வண்டிகள் வரிசையாக சோசுஸ்ஃப்லே மணல்மேடுகளுக்குப் பறக்கும். அமைதி வேண்டுமென்றால் அந்த வரிசையில் சேராதீர்கள். தெற்கே இருக்கும் நமீப்ராண்ட் காப்பகத்தில் ஒரே முகாமில் இரண்டு இரவு தங்கலாம். 2012-இல் இருள்வான் காப்பகமாக, அதாவது செயற்கை ஒளியிலிருந்து இரவு வானத்தைக் காக்கும் இடமாக, அங்கீகாரம் பெற்ற இடம் அது, ஆப்பிரிக்காவிலேயே முதலாவது.

சி14 குயிசெப் பள்ளத்தாக்கைக் கடக்கும் இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் சிறை முகாமுக்குப் போக விரும்பாத ஹென்னோ மார்ட்டின், ஹெர்மன் கோர்ன் என்ற இரு ஜெர்மானியப் புவியியலாளர்கள், ஒரு நாயோடு இந்தப் பள்ளத்தாக்குப் பகுதியில் இரண்டரை ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1942-இல் கோர்ன் நோயுற்றதால்தான் வெளியே வந்தார்கள். அமைதியைத் தேடி இங்கே வருகிறவர்களுக்கு அவர்கள் இருவரும் எதைவிட்டு வந்தார்கள் என்ற நினைவு அவசியம் என்று நினைக்கிறேன்.

சிலி நாட்டின் அட்டகாமாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதன் பலம் ஒன்றே ஒன்று: இரவு. துருவப் பகுதிகளை விட்டுவிட்டால் பூமியில் மிக வறண்ட நிலம் இது. அந்த வறட்சிக்காகவும் தெளிந்த இருளுக்காகவும்தான் பரானாலிலும், 5,000 மீட்டர் உயரத்தில் சஹ்னாந்தோர் சமவெளியிலும் பெரிய வானாய்வகங்களை அமைத்திருக்கிறார்கள். பகலில் பிரதான சாலையான ரூத்தா 5-இல் சுரங்க லாரிகள் ஓயாது. தனியாகப் போகிறவருக்கு உயரமும் சிக்கல். சான் பெத்ரோ ஊரே 2,400 மீட்டரில் இருக்கிறது. எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகள் 4,300 மீட்டர் அளவில். உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியும் குழப்பமும் வந்தால், ஸ்டீயரிங்கை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஓரிரு இரவு கீழே தங்கி உடம்பைப் பழக்கிய பிறகே மேலே ஏற வேண்டும். நட்சத்திரங்களுக்குக் கீழேதான் மனம் அடங்கும் என்பவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம், மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

என் தேர்வு அமெரிக்காவின் மொஹாவி. பக்கத்திலேயே டெத் வேலி இருக்கும்போது ஏன் என்று கேட்பார்கள். 1913 ஜூலை 10-இல் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம், கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இறங்கும் பேட்வாட்டர் உப்புத் தரை என்று புகழெல்லாம் டெத் வேலிக்குத்தான். கூட்டமும் அங்கேதான். தெற்கே 15, 40 எண் நெடுஞ்சாலைகளுக்கு நடுவில் இருக்கும் மொஹாவி தேசியக் காப்பகம் 1994-இல் உருவானது, சுமார் 6,500 சதுர கிலோமீட்டர் பரப்பு. பெரும்பாலான வண்டிகள் இந்த இரண்டு நெடுஞ்சாலைகளிலும் வேகமாகக் கடந்து போய்விடுகின்றன. உள்ளே பெட்ரோல் பங்க் ஒன்றுகூட இல்லை என்பதே கூட்டத்தைத் தள்ளி வைக்கிறது.

இங்கே சாதாரண காரிலேயே போகக்கூடிய தார்ச்சாலைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து மண் தடங்கள் பிரிகின்றன. ஏற்கெனவே பிறர் தங்கிய தடமுள்ள இடங்களில், விதிகளைப் பார்த்துக்கொண்டு, அந்த மண் தடங்களின் ஓரமாகவே கூடாரம் போடலாம். நான் முதலில் கேட்ட கேள்விக்கு இவ்வளவு எளிதாக ஆம் சொல்கிற நிலம் நான்கில் இது மட்டும்தான். கெல்சோ மணல்மேடுகள் 200 மீட்டர் அளவுக்கு உயர்ந்தவை. காய்ந்த மணல் சரிவில் இறங்கினால், மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அடித்தொண்டையிலிருந்து வருவது போல ஒரு முழக்கம் எழும்பும், காலடியிலேயே உணரலாம். சுற்றிலும் அவ்வளவு நிசப்தம் இருப்பதால்தான் அது முழுதாகக் கேட்கிறது. 2020 ஆகஸ்ட் தீயில் சீமா குன்றுப் பகுதியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட யோசுவா மரங்கள் கருகிவிட்டன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கமும் போக வேண்டும் என்பது என் எண்ணம்; மனதுக்குக் கனமாகத்தான் இருக்கும்.

கெல்சோ வழியாகச் சரக்கு ரயில்பாதை போகிறது, இரவில் சத்தம் வரும். தண்டவாளத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளித் தங்குங்கள். மே முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். நம் மரபு பாலைக்குரிய பொழுதாக நண்பகலைச் சொன்னது. பயணிக்கு அந்தப் பொழுது நிழலில் படுத்துக் கழிக்க வேண்டியது, குளிர்காலத்தில்கூட.

எந்த இடமானாலும் தினமும் நகர்வதா, ஒரே இடத்தில் தங்குவதா என்றால், நான் தங்குவதன் பக்கம். அமைதிக்காகப் பாலைவனம் போனவர்கள் அப்படித்தான் செய்தார்கள். எகிப்தின் துறவி அந்தோணியாரும், சஹாராவின் ஹொகார் மலைகளில் வாழ்ந்து 1916-இல் கொல்லப்பட்ட பிரெஞ்சுத் துறவி ஷார்ல் த ஃபூக்கோவும் ஓரிடத்தில் ஊன்றி இருந்தவர்கள். ஒரு வாரம் கிடைத்தால், ஓட்டுவதற்கு மூன்று நாள் போதும்.

அப்புறம், செயற்கைக்கோள் கருவி. தனிமைக்குப் பொருத்தமானது அவசரக் குறியீட்டுக் கருவி: 406 மெகாஹெர்ட்ஸில் உதவி கேட்டு மட்டும் அனுப்பும், சந்தா கிடையாது, எந்தச் செய்தியும் உள்ளே வராது. இருவழிச் செய்திக் கருவியில் "வண்டி பழுது, உயிருக்கு ஆபத்தில்லை" என்று விளக்கமாகச் சொல்லலாம், ஆனால் கூடவே வீட்டுச் செய்திகளும் வந்துகொண்டிருக்கும். சரளைச் சாலை நமீப்புக்கு இருவழிக் கருவி, மொஹாவிக்கு அவசரக் கருவி என்பேன். எதை எடுத்தாலும் ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் இரண்டு நாள் உபரி. வண்டி நின்றுபோனால் அதைவிட்டு நடக்கக் கூடாது. தேடி வருகிறவர்களுக்கு மனிதனைவிட வண்டிதான் முதலில் தெரியும். கிளம்பும் முன் நம்பிக்கையான ஒருவரிடம் உங்கள் வழித்தடம், வண்டி எண், எந்த நாள் எந்த மணிக்குள் தகவல் வர வேண்டும், வராவிட்டால் எந்தக் காப்பக அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.