படிக்கட்டில் உருண்ட லென்ஸ்

தப்பு என் மேல்தான். விடியற்காலை வெளிச்சம் போய்விடுமே என்ற அவசரத்தில் பையின் ஜிப்பை மூடாமலே தோளில் மாட்டியிருந்தேன். குளத்துப் படியில் குனிந்ததும் கேமராவின் 24-105 ஜூம் லென்ஸ் நழுவி, டக் டக்கென்று உருண்டு, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே குப்புற நின்றது. எடுத்துப் பார்த்தால் முன்கண்ணாடி முழுக்க விரிசல். ஊருக்கு வந்து நாலாம் நாள். திரும்பிப் போக இன்னும் பத்து நாள்.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டர். கவுண்டரில் இருந்தவர் லென்ஸைக் கையில்கூட வாங்கவில்லை. "வெளிநாட்டுல வாங்கினதா சார்? வாரண்டி செல்லாது." கீழே போட்ட பொருளுக்கு எங்கே வாங்கினாலும் வாரண்டி கிடையாது, அது எனக்கே தெரியும். எது உடைந்திருக்கிறது என்றுதான் கேட்டேன். அதைப் பார்த்துச் சொல்லவே மூன்று வாரமாம்.

அப்புறம் தெரிந்த போட்டோகிராபர் ஒருவர் சொல்லி, தனியாக ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன்.

"விழுந்த பிறகு கேமராவில மாட்டிப் பார்த்தீங்களா தம்பி?"

இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு." மவுண்ட், அதாவது லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வளையம், வளைந்திருந்து அதைப் போட்டுத் திருகினால் கேமராவும் கெடுமாம். லென்ஸைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, லென்ஸின் முன்னால் மாட்டியிருந்த, நசுங்கி மரை கடித்திருந்த 77 மி.மீ. ஃபில்டர் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினார். கண்ணாடித் தூள் கீழே விரித்த காகிதத்தில் உதிர்ந்தது. மிச்சத்தை ஊதியே எடுத்தார், துணி பக்கமே போகவில்லை. துடைத்தால் தூளே கீறிவிடும். உடைந்தது ஃபில்டர் மட்டும்தான். லென்ஸின் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

ஆனால் உள்ளே கடகடவென்று சத்தம். "அது ஸ்டெபிலைசர் தம்பி, கை நடுக்கம் படத்துல தெரியாம பார்த்துக்கிற பாகம், கரண்ட் இல்லாதப்ப ஆடும். பல புது லென்ஸும் இப்படித்தான்."

மவுண்ட் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்து, நேராக இருக்கிறது என்று உறுதியான பிறகே கேமராவில் மாட்டினார். சுவரில் செய்தித்தாளை ஒட்டி, லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து எஃப் 4-இல் ஒரு படம். திரையில் பெரிதாக்கினால் இடது ஓர எழுத்து கத்தி மாதிரி இருக்கிறது, வலது ஓரம் ஈரத்தில் ஊறியது போல. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது.

"திறந்தா மூடிடுவேன் தம்பி. சரியா மையத்துல நிறுத்திட்டேனான்னு பார்க்க மெஷின் என்கிட்ட இல்ல. நீங்க இருக்கிற ஊர்லயே குடுங்க."

என்னைப் பொறுத்தவரை இதுதான் சர்வீஸ். இன்சூரன்ஸுக்கு ஆகட்டும் என்று கேட்டதும், என்ன பழுது என்பதைத் தேதி போட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். உடைந்த ஃபில்டரையும் தூக்கிப் போடாமல் கவரில் போட்டுத் தந்தார்.

மீதி நாளெல்லாம் மங்கல் குறையட்டும் என்று துளையைச் சுருக்கி, எஃப் 8-க்குக் கீழே இறங்காமல், ஆட்களைப் படத்தின் இடப்பக்கமாகவே நிறுத்தி எடுத்தேன். அம்மாதான் கேட்டுக்கொண்டே இருந்தார்: "ஏன்டா எல்லாரையும் ஒரு ஓரமாவே நிக்க வைக்கிற?"