‘கேஸை மெஷின்ல இறக்கிடுவோம் மேடம்’: பழைய ஏசி, ஃப்ரிட்ஜைக் கழித்துப் போடுகிறவர்கள் கவனத்துக்கு

சென்ற மாதம் மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து பழைய ஏசி ஒன்றையும் ஃப்ரிட்ஜ் ஒன்றையும் வெளியே அனுப்பினோம். கணக்குப் பார்த்தால் ஏமாந்தது மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். அந்தப் பணம் போனதற்காக இதை எழுதவில்லை. எதற்காகப் பணத்தை விட்டுக்கொடுத்தேனோ அதுவே பொய் என்பதுதான் ஆற மாட்டேன் என்கிறது.

ஏசி 2013-ல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட். ஃப்ரிட்ஜ் என் மாமியாருடையது, 1994-ல் வாங்கிய ஒற்றைக் கதவு. கடைசி நாள் வரை அது குளிர்ந்தது என்று நான் சொல்லாவிட்டால் அத்தை என்னைச் சும்மா விட மாட்டார். கரண்ட் பில்தான் தாங்கவில்லை.

தெருமுனை காயலான் கடைக்காரர் இரண்டையும் பார்த்துவிட்டு ஏழாயிரம் தருவதாகச் சொன்னார். கொடுத்திருக்கலாம். ஆனால் உள்ளே இருந்து குளிர்ச்சி தரும் கேஸை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். ‘அது காத்துதானேம்மா, போயிடும்’ என்றார். அந்தக் காற்று என்ன செய்யும் என்று மகள் பள்ளியில் படித்துவிட்டு வந்து பாடம் எடுத்திருந்ததால் எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பச்சை இலை போட்ட லோகோ, ‘அரசுப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி’ என்று பெரிய எழுத்து, பக்கத்தில் ஒரு நீல நிற மெஷினும் சிலிண்டரும் இருக்கிற படம். கூப்பிட்டேன். ‘கேஸை அப்படியே மெஷின்ல இறக்கிடுவோம் மேடம், சர்டிபிகேட்டும் தருவோம். அந்தச் செலவு இருக்கறதால நாலாயிரத்து ஐந்நூறுதான் உங்களுக்குத் தர முடியும்’ என்றார் எதிர்முனையில் பேசியவர். நியாயமாகத்தான் பட்டது. சரி என்றுவிட்டேன்.

மறுநாள் காலை குட்டியானை வண்டியில் இரண்டு பேர் வந்தார்கள். பெரியவருக்கு முப்பது இருக்கும். இன்னொருவன் பையன், பத்தொன்பது இருபது வயது. ரப்பர் செருப்பு, கையுறை கிடையாது, கண்ணாடி கிடையாது. மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானரை எடுத்தான். ‘மெஷின் எங்கப்பா?’ என்று கேட்டேன். ‘கீழ வண்டில இருக்குக்கா’ என்று சொல்லிக்கொண்டே நட்டைத் திருகினான்.

‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். குக்கர் விசில் மாதிரி விட்டு விட்டு வராமல், ஒரே மூச்சாக. வெள்ளையாகப் புகை. எண்ணெய்த் துளிகள் சுவரில் தெறித்தன. பையன் பதறிப்போய் உள்ளங்கையால் பைப்பை அடைக்கப் பார்த்தான். ஐயோ என்று கையை உதறினான். உள்ளங்கை நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் மெழுகு மாதிரி வெளுத்துவிட்டது. ஆர்-22 என்ற அந்த வாயு திரவமாக இருக்கும்போது மைனஸ் 40 டிகிரியிலேயே கொதிக்கும். வெளியே வந்த வேகத்தில் பட்ட இடத்தின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பார்ப்பதற்கு நெருப்புக் காயம் மாதிரி இருந்தாலும் அது பனிக்காயம்.

பக்கத்து வீட்டு அக்கா டூத்பேஸ்ட்டோடு ஓடி வந்தார். வேண்டாம் என்று தடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரை மக்கில் மொண்டு கையில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். தேய்க்கக்கூடாது, சுடுதண்ணீரும் கூடாது. கொஞ்ச நேரத்தில் கொப்புளம் வந்தது. டாக்டரிடம் போ என்றேன். ‘ஒண்ணுமில்ல மேடம், கேஸ் அடிச்சிடுச்சு, எங்களுக்குப் பழக்கம்தான்’ என்று பெரியவர் பதில் சொன்னார். அடிபட்டவன் வாயே திறக்கவில்லை.

அதற்குள் சத்தம் நின்றிருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மிச்சப் பைப்பைக் கட்டிங் பிளேயரால் நறுக்கினார்கள். கீழே வந்து ஃப்ரிட்ஜின் பின்னாலும் அதே பிளேயர், சோடா மூடி திறந்த மாதிரி சின்னதாக ஒரு ‘புஸ்’. நீல மெஷின் வண்டியிலும் இல்லை, போய்ப் பார்த்தேன். சத்தம் போட்டேன். ‘பழைய ஏசில கேஸே இருக்காது மேடம், அது வெறும் பிரஷர்’ என்றார் பெரியவர். எனக்குச் சுருக்கென்றது. அதே ஏசிக்கு 2019-ல் 2,800 ரூபாய் கொடுத்து கேஸ் நிரப்பியவள் நான்.

அப்புறம் பணம் எண்ணும் நேரத்தில் அடுத்த கதை. ஏசியின் காயில், அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருள், செம்பு இல்லையாம், அலுமினியமாம். ஆயிரம் பிடித்துக்கொண்டு 3,500 அனுப்பினார்கள். வீட்டு ஏசிக் காயிலில் தகடுகள் பொதுவாக அலுமினியம்தான். எங்களுடையதில் ஊடே ஓடும் குழாய்கள் பளபளவென்று செம்பாகவே இருந்தன. வாங்கியபோது கடைக்காரர் செம்புக் காயில் என்று அழுத்திச் சொல்லித்தான் விற்றார். ஆனால் பையன் கையைப் பார்த்தபிறகு ஆயிரம் ரூபாய்க்கு மல்லுக்கட்டத் தெம்பு வரவில்லை.

சர்டிபிகேட் வாட்ஸ்அப்பில் வந்தது. பச்சை இலை, சீல், கீழே ‘பதிவு எண்’. எண்ணைப் பார்த்தால் 33 என்று ஆரம்பித்துப் பதினைந்து எழுத்து. எங்கள் வீட்டுக்காரர் கணக்கு வேலை பார்ப்பவர், பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: அது ஜிஎஸ்டி எண். 33 தமிழ்நாட்டின் குறியீடு. இட்லிக் கடைக்குக்கூட அப்படி ஒன்று இருக்கலாம், மறுசுழற்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022 என்று ஒன்று 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மறுசுழற்சி செய்கிற நிறுவனம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் தேடினேன், இவர்கள் பெயர் இல்லை. இந்த ஐந்து நிமிட வேலையை வண்டி வருவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும்.

நான்காவது நாள் பள்ளிக்கரணைப் பக்கம் போகும் வழியில் ஒரு காலி மனையில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டம்பாக நிறுத்தியிருந்தது ஒரு ஃப்ரிட்ஜ் கதவின் உட்பக்க பிளாஸ்டிக். அதில் முருகன் ஸ்டிக்கர். வண்டியை நிறுத்திவிட்டேன். எங்கள் அத்தை சுத்த சைவம். யாரும் முட்டை வைத்துவிடக்கூடாது என்று முட்டை வைக்கும் இடத்தில் பழனி முருகனை ஒட்டிவைத்தவர். கொடுப்பதற்கு முந்தின நாள் சுரண்டி எடுக்கப் பார்த்து, பாதிதான் வந்தது. மயிலும் வேலும் மட்டும் மிச்சம் நின்றன. அதே மயில், அதே வேல். சுற்றிலும் மஞ்சள் நுரை துண்டு துண்டாகக் கிடந்தது, ஒரு மாடு அதை முகர்ந்துகொண்டிருந்தது. தகடு, கம்ப்ரஸர், செம்பு எதுவும் அங்கே இல்லை. காசு பெறுவதெல்லாம் போய்விட்டது, காசு பெறாதது மனையில். 1913-க்கு போன் போட்டேன், மாநகராட்சி வண்டி வந்து எடுத்துப்போனது. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் முப்பது வருஷமாக ஏசி வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் முதலிலேயே போயிருக்கலாம். ‘கேஸுக்கு யாரும்மா காசு குடுக்கறான்? செம்புக்குத்தான் காசு. கேஸை இறக்க அரை மணி நேரம் ஆகும், அறுத்துவிட்டா அரை நிமிஷம்’ என்றார். விஷயம் முழுக்க அவ்வளவுதான்.

அவர் விளக்கியதையும் நான் அப்புறம் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஓடுகிற நிலையில் இருக்கும் ஸ்பிளிட் ஏசியைக் கழற்ற மெஷின்கூடத் தேவையில்லை. ‘பம்ப் டவுன்’ என்பார்கள். ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, அவுட்டோர் யூனிட்டில் மெல்லிய பைப்பின் வால்வை ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) மூட வேண்டும். கம்ப்ரஸர் கேஸை எல்லாம் அவுட்டோருக்குள் இழுத்துக்கொள்ளும். அழுத்தம் காட்டும் கேஜில் முள் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த பைப்பின் வால்வையும் மூடி, உடனே ஏசியை நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் நட்டில் கை வைக்க வேண்டும். நீங்களே செய்யாதீர்கள். வால்வு கசிந்தோ, நட்டை முன்னாலேயே தளர்த்தியோ காற்று உள்ளே போனால் எண்ணெயும் காற்றும் சேர்ந்து கம்ப்ரஸர் வெடித்த சம்பவங்கள் உண்டு. ஆனால் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஸ்பானருக்கு முன்னால் ஆலன் கீயும் கேஜும் வெளியே வருகிறதா? வரவில்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். பம்ப் டவுன் பாதி வேலைதான், பிரிக்கிற இடத்தில் கேஸை அவுட்டோரிலிருந்து சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். கம்ப்ரஸர் செத்த ஏசிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் கேஸ் இறக்கும் மெஷின்தான் வழி.

எந்த கேஸ் என்பது யூனிட்டில் ஒட்டியிருக்கும் பெயர்த்தகட்டிலேயே இருக்கும். எங்கள் ஏசியில் ஆர்-22, சுமார் ஒரு கிலோ. ஓசோனைத் தின்பது போக, நூறு வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தால் அதே எடை கார்பன் டை ஆக்சைடைப்போல 1,810 மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும். ஒரு கிலோ என்றால் கிட்டத்தட்ட 780 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். கார் எடுத்துக்கொண்டு கன்னியாகுமரிக்கு எட்டுத் தடவை போய்வரலாம், அதை என் மொட்டை மாடியில் ஒரே நிமிடத்தில் முடித்தார்கள். அத்தையின் ஃப்ரிட்ஜில் இருந்தது ஆர்-12, அது பத்தாயிரம் மடங்குக்கு மேல். அந்தக் காலத்து ஃப்ரிட்ஜின் மஞ்சள் நுரையிலும் அதே குடும்பத்து வாயு அடைபட்டிருக்கும் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். மாடு முகர்ந்தது அதைத்தான்.

இப்போது விற்கிறவை வேறு ரகம். புது ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32, லேசாகத் தீப்பிடிக்கும். ஆர்-290 என்று இருந்தால் அது புரொப்பேன், ஃப்ரிட்ஜில் ஆர்-600ஏ என்று இருந்தால் ஐசோபியூட்டேன். இரண்டும் நம் சமையல் கேஸின் பங்காளிகள். பால்கனியில் இதை அறுத்துவிட்டுப் பக்கத்தில் ஒருவன் பீடி பற்றவைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தீப்பிடிக்காத பழைய கேஸ் ஆயிற்றே என்றும் இருக்க முடியாது. கேஸ் மிச்சமிருக்கும் குழாயில் வெல்டிங் சுடர் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற விஷப்புகை வரும். அந்த கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் மூடிய அறையில் தரையோடு தேங்கி மூச்சும் முட்டும். மாடியில் நடந்ததால் நாங்கள் தப்பித்தோம்.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. போட்டும் பயனில்லை. நான் திட்டிய அன்றே என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள், விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள். நேற்று இரவு போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது புதிதாக ஒன்று வந்தது. வேறு பெயர், வேறு எண், இலைக்குப் பதில் பூமி உருண்டை. பக்கத்தில் அதே நீல மெஷின்.