பாதியாக்கவா, தொடுகோடா, வெட்டுக்கோடா?

மொரிஷியஸில் சூறாவளிக்கு மூன்றாம் நிலை எச்சரிக்கை. ரெதுய் பல்கலைக்கழகத்தில் வகுப்பு இல்லை. ரோஸ்ஹில் வீட்டில் கரண்டும் போய்விட்டது. சமன்பாட்டுக்குப் படிப்படியாக நெருங்கி விடை தேடும் முறைகளைச் சொல்லும் பாடப்புத்தகத்தையும் கால்குலேட்டரையும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எட்டிப் பார்த்த சித்தி மகன், "நியூட்டன் முறை இருக்கும்போது மற்றது எதுக்கு அண்ணே?" என்றான். புத்தகமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது.

ஒரே கணக்கை மூன்று விதமாகப் போட்டேன். ஒரு எண்ணின் கனத்திலிருந்து அதன் இரு மடங்கையும் ஐந்தையும் கழித்தால் பூச்சியம் வரவேண்டும். 1669-இல் நியூட்டனே எடுத்துக்கொண்ட கணக்கு, விடை 2.0945515.

இருகூறிடல், அதாவது விடை இருக்கும் இடைவெளியைப் பாதி பாதியாக்கித் தேடுவது: 2-இல் மதிப்பு −1, 3-இல் 16. கழித்தல் குறி கூட்டலாக மாறுவதால் மூலம், அதாவது விடை, நடுவில்தான். 2.5, 2.25, 2.125, 2.0625, 2.09375 என்று ஐந்தாம் படியிலேயே விடையை உரசிவிட்டது. ஆறாவது? 2.109375. விலகிப் போகிறது! தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று மறுபடி போட்டேன், தப்பில்லை. எவ்வளவு நெருங்கினோம் என்பது இந்த முறைக்குத் தெரியாது, குறியை மட்டுமே பார்க்கும். ஆறு தசம இடத்துக்கு 20 படி ஏறவேண்டும். ஆனால் கைவிடாது.

நியூட்டன்–ராப்சன், அதாவது வளைகோட்டுக்குத் தொடுகோடு போட்டு, அது கிடை அச்சை வெட்டும் இடத்தை அடுத்த மதிப்பாக எடுப்பது: 2-இல் தொடங்கி 2.1, 2.094568, 2.0945515. மூன்றே படி, தம்பிக்கு வாயெல்லாம் பல். கணக்கின் கடைசியில் ஐந்தைக் கழிப்பதற்குப் பதில் இரண்டைக் கூட்டி, 0-இல் தொடங்கச் சொன்னேன். 1, 0, 1, 0... செக்குமாடுதான்.

புத்தகம் ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடும் வெட்டுக்கோட்டு முறைக்குத்தான் என் ஓட்டு. தொடுகோட்டுக்குப் பதில் வளைகோட்டின் இரு புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போடுவது இது. 2, 3 இரண்டையும் கொடுத்தால் 2.0588, 2.0813, 2.0948, 2.09455, 2.0945515. ஐந்து படி என்று தோற்றதாகச் சொல்வார்கள். படியை எண்ணாமல் கால்குலேட்டர் வேலையை எண்ணிப் பாருங்கள். நியூட்டனுக்குப் படிக்கு இரண்டு மதிப்பு வேண்டும், சார்பும் அதன் வகைக்கெழுவுமாக (தொடுகோட்டின் சாய்வு) மொத்தம் ஆறு. இதற்கு முதல் படிக்கு இரண்டு, மற்ற நான்கு படிக்கும் ஒவ்வொன்று, அதுவும் ஆறுதான். வகைக்கெழுவே வேண்டாம். சைனும் மடக்கையும் பின்னிக் கிடக்கும் சார்பை வகையிட்டுக் குறியைக் கோட்டைவிட்டவர்களுக்கு அருமை தெரியும்.

இதுவும் சில சமயம் எல்லை தாண்டி ஓடும். அதனால் முதலில் நாலு படி பாதியாக்கிவிட்டு, 2.0625, 2.125 இரண்டையும் வெட்டுக்கோட்டிடம் கொடுத்தேன். முதல் படியில் 2.0940, அடுத்ததில் 2.09454. தம்பி கால்குலேட்டரைப் பிடுங்கி அடுத்த படியைத் தானே தட்ட ஆரம்பித்தான்.