அடிவாரத்துத் துப்பாக்கி சுடும் கூடமும் டிகோனவின் நான்கு தங்கங்களும்

சேலத்தில் கோரிமேட்டைத் தாண்டி ஏற்காடு அடிவாரம் செல்லும் சாலையில் இருக்கும் சிறிய துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்கு நான் போகத் தொடங்கியதற்கு, பள்ளி நாளிலிருந்து நான் போற்றிவரும் பயத்லான் வீரர் அலெக்சாந்தர் டிகோனவ்தான் காரணம். முதுகில் துப்பாக்கியைச் சுமந்து பனிச்சறுக்கில் விரைந்து வந்து, மூச்சிரைக்க நின்று இலக்கைச் சுட வேண்டிய அந்தப் பந்தயத்தில், 1968, 1972, 1976, 1980 என அடுத்தடுத்த நான்கு குளிர்கால ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற சோவியத் தொடரோட்ட அணிகளில் அவர் இருந்தார்.

கூடத்தில் 10 மீட்டர் காற்றழுத்தத் துப்பாக்கி மட்டுமே உண்டு. துப்பாக்கிகள் நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன. இலக்கு அட்டையை முன்னும் பின்னும் நகர்த்தும் கம்பி மட்டும் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. மூன்றாவது தடத்தில் வெளிச்சமும் போதாது.

பயிற்சியாளரின் பொறுமைக்காகவே இந்த இடத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஓடிவிட்டு வந்து சுட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது அவர் என்னை வினோதமாகப் பார்க்கவில்லை. துப்பாக்கி மேசையை விட்டு நகரக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். ஓய்வாக நின்று சுட்ட ஐந்து ரவைகளும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. வெளியே மேட்டுச் சாலையில் நான்கு முறை ஏறி இறங்கி வந்து குறி பார்த்தால், ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் குழலின் முனை எழுந்து தாழ்வது கண்ணுக்கே தெரிந்தது. “மூச்சைப் பாதி விட்டுட்டு நிறுத்துங்க சார், விசையை இழுக்காதீங்க, மெதுவா அழுத்துங்க” என்றார். அப்படியும் இரண்டு ரவைகள் அட்டையிலேயே படவில்லை.

1968இல் கிரெனோபிளில் நடந்த 20 கிலோமீட்டர் தனிநபர் பந்தயம் அப்போதுதான் எனக்கு உடம்பால் புரிந்தது. நார்வேயின் மாக்னர் சோல்பெர்க் ஒரு குண்டையும் தவறவிடவில்லை. 21 வயது டிகோனவுக்கோ குறி தவறியதற்காக 2 நிமிடங்கள் கூட்டப்பட்டன. ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் தங்கம் கைநழுவி வெள்ளியானது. 1978இல் பயத்லான் பெரிய துப்பாக்கிகளைக் கைவிட்டு .22 சிறுகுழல் துப்பாக்கிக்கும் 50 மீட்டர் இலக்குக்கும் மாறியது. கை பழகிய ஆயுதமே மாறிய பிறகும் 1980இல் லேக் பிளாசிடில் அவர் மீண்டும் வென்றார் என்பதைத்தான் நான் அவருடைய ஆகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். அந்தப் போட்டிகளின் தொடக்க விழாவில் சோவியத் கொடியை ஏந்தி வந்தவரும் அவரே. பின்னாளில் ரஷ்ய பயத்லான் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். களத்தை விட்டு 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் ரஷ்யப் பத்திரிகையாளர்கள் அவரிடம் கருத்துக் கேட்கிறார்கள். அவரும் மனத்தில் பட்டதை மழுப்பாமல் சொல்லிவிடுவதால் அவர் பெயர் மங்கவே இல்லை.

கூடத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கடைசித் தடத்தில் ஒரு கனத்த விரிப்பைப் போட்டு, படுத்துச் சுடவும் வசதி செய்து தந்தால், அடிவாரத்தில் தினமும் காலையில் ஓட வருகிறவர்களில் நான்கைந்து பேரையாவது நானே அழைத்து வருவேன்.