லாங் பஜார் ஷேவிங் செட்டும் வேலூர் போர்த் தண்ணியும்

ஷேவ் செய்தால் கழுத்து எரிகிறது, தாடை சொரசொரவென்றே நிற்கிறது என்பவர்கள் முதலில் மாற்றுவது பிளேடு, அடுத்து ரேஸர். தண்ணியை யாரும் மாற்றுவதில்லை. லாங் பஜாரிலோ காட்பாடியிலோ வாங்கக்கூடிய சாதாரண சேஃப்டி ரேஸர், பிரஷ், டியூப் க்ரீம் மூன்றையும் பற்றியது இந்த விமர்சனம். ஆனால் வேலூரில் மார்க் போடும்போது பக்கெட்டில் இருக்கும் தண்ணியையும் சேர்த்துத்தான் போட வேண்டியிருக்கிறது.

போர்த் தண்ணி விடும் வீட்டில் கீசர் காயிலைக் கழற்றிப் பாருங்கள், சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருக்கும். கால்சியமும் மெக்னீசியமும்தான். குடிநீரில் இவற்றால் வரும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 600 உள்ள தண்ணியைக் குடித்துவிடலாம், அதில் நுரை கட்டுவது கஷ்டம். ஷேவிங் க்ரீம் அடிப்படையில் சோப்புதான். கால்சியம் அந்த சோப்பைப் பிடித்துக் கரையாத பிசுக்காக்கிவிடும். பக்கெட் ஓரத்தில் படியும் சாம்பல் கோடு முகத்திலும் படிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நுரை இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும், பிளேடு வறண்ட தோலில் இழுபடும், பழி பிளேடு கம்பெனிக்குப் போகும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். இரண்டு பாட்டிலில் பாதிப் பாதி, ஒன்றில் போர்த் தண்ணி, ஒன்றில் கேன் தண்ணி. நகக்கண் அளவு குளியல் சோப்பை இரண்டிலும் போட்டு இருபது தடவை குலுக்குங்கள். கேன் தண்ணியில் நுரை மேலே நிற்கும். போர்த் தண்ணியில் நுரை குறைந்து, தண்ணி பால் கலந்தது போலக் கலங்கினால் உங்கள் சிக்கல் அங்கேதான். டி.டி.எஸ். பேனா மொத்த உப்பைத்தான் காட்டும், அதை நம்பி முடிவு செய்ய வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருக்களில் அந்தத் தண்ணியே போதும். மற்றவர்களுக்கு ஒரு ஷேவுக்கு கேன் தண்ணி இரண்டு டம்ளர், அதாவது 400 மில்லி: ஒன்று நுரைக்கு, ஒன்று கடைசி அலசலுக்கு. ரேஸரை அலச பக்கெட் தண்ணியே போகட்டும். கேன் இல்லாத நாளில் போர்த் தண்ணியைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறி அடியில் வெள்ளை தங்கியபின் மேலாக ஊற்றிக்கொள்ளலாம். கடினத்தன்மையில் ஒரு பகுதி மட்டும்தான் இப்படிப் போகும்.

அடுத்தது ஊறல். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடுகிறவர்களிடம் கேட்டால், முடி எடுப்பதற்கு முன் தோலை ஊறவைப்பதுதான் முதல் வேலை என்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பயன்படுத்தும் சுண்ணாம்பும் சல்ஃபைடும் நமக்கு ஆகாது, ஆனால் ஊறல் ஆகும். தாடி முடி தண்ணி குடித்துப் பருத்தால் வெட்டத் தேவையான விசை நன்றாகக் குறையும். வெதுவெதுப்பான தண்ணியில் இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். குளித்து முடித்த கையோடு ஷேவ் செய்தால் அந்த வேலை மிச்சம். பிளேடை மழுங்கடிப்பதும் முடிதான்: 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள், எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி பிளேடின் விளிம்பைச் சிறு சில்லுகளாக உடைப்பதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். முடி வளையும் கோணத்தில்தான் சில்லு தெறிக்கிறது.

க்ரீமுக்கு வருவோம். டப்பாவில் வரும் ஃபோமுக்கு என் மார்க் குறைவு. பொங்கி வருவதெல்லாம் காற்று, முடிக்குப் போய்ச் சேரும் ஈரம் கொஞ்சம்தான். டியூப் க்ரீமில் கோத்ரெஜ், ஓல்ட் ஸ்பைஸ், பால்மோலிவ், வி-ஜான் எது என்பதைவிட எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதே பெரிது. பிரஷை இரண்டு நிமிடம் ஊறவிட்டு இரண்டு உதறு. எவர்சில்வர் டபராவில் கொத்துக்கடலை அளவு க்ரீம், போர்த் தண்ணி என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. முப்பது வினாடி சுழற்றிய பிறகு அரை டீஸ்பூன் தண்ணி, மறுபடி சுழற்று, மறுபடி அரை டீஸ்பூன். மூன்று தடவைக்குள் பதம் வந்துவிடும். டிகிரி காபி மேலே நிற்கிற நுரை போலக் குமிழ் தெரிந்தால் இன்னும் ஆகவில்லை, சுழற்றுங்கள். கெட்டித் தயிர் போல, குமிழில்லாமல், வெளிச்சத்தில் பளபளக்க வேண்டும். விரலிடுக்கில் தேய்த்தால் வழுக்க வேண்டும். வழுக்காமல் ஒட்டினால் தண்ணி போதவில்லை. தாடையிலிருந்து வழிந்தால் தண்ணி அதிகம்.

பிரஷில் வேலூருக்கு சிந்தெடிக்கே சரி. சீக்கிரம் காயும், ஊறவைக்கவும் அதிக நேரம் வேண்டாம். பன்றி முடி பிரஷ் முதல் சில வாரம் நாறும், பழகப் பழக நுனி பிளந்து மென்மையாகும். பேட்ஜர் என்ற விலங்கின் முடிக்குக் கொடுக்கும் காசு இந்தத் தண்ணியில் வீண்; பிசுக்கு அடிவேரில் தங்கிவிடும். எந்த பிரஷ் ஆனாலும் மாதம் ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணியில் ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர் கலந்து ஐந்து நிமிடம் வைத்து அலசுங்கள். விறைத்த முடி இளகிவிடும்.

ரேஸரில் கடைக்காரர் முதலில் நீட்டுவது பெரும்பாலும் துத்தநாகக் கலவை உலோகத்தில் குரோம் பூசியதாக இருக்கும். அது போதும், ஆனால் வாங்கும்போது இரண்டு பாருங்கள். தலையின் விளிம்பிலும் கைப்பிடியின் மரையிலும் பூச்சு உரிந்திருக்கக் கூடாது, உரிந்த இடத்திலிருந்துதான் அரிப்பு தொடங்கும். பிளேடைப் போட்டு முறுக்கியதும் நேராகப் பிடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு பிளேடு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் அதிகம் தெரிந்தால் அந்தப் பக்கம்தான் வெட்டும். முறுக்கும்போது மேல்மூடியைக் குட்டைப் பக்கங்களில் விரலால் அழுத்திப் பிடித்தால் இந்தக் கோணல் பெரும்பாலும் வராது. வாரம் ஒருமுறை மூன்று பாகமாகக் கழற்றி மரையைக் கழுவாவிட்டால் உப்பு இறுகி, பிறகு இடுக்கி தேட வேண்டிவரும்.

பிளேடுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. புதிதாகத் தொடங்குபவர் 7 ஓ'கிளாக் அல்லது வில்கின்சன் வாங்கட்டும். ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மை, கை பழகியபின் பார்த்துக்கொள்ளலாம். மூன்றிலிருந்து ஐந்து ஷேவ், அதற்குமேல் இழுக்க வேண்டாம். முனையைத் துண்டால் துடைக்காதீர்கள், உதறிவிட்டுக் காயவையுங்கள்.

கைவேலை: கைப்பிடி தோலுக்கு ஏறத்தாழ 30 டிகிரி, அழுத்தம் ரேஸரின் சொந்த எடை மட்டும், ஒரு இழுப்பு 2-3 சென்டிமீட்டர். தலையோடு சேர்த்து மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேஸரில் பழகிய கை அழுத்தத்தான் பார்க்கும், கீறல் அதனால்தான். ஷேவுக்கு முன் கழுத்தில் விரலை நாலு திசையிலும் ஓட்டி முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பாருங்கள். பலருக்குக் கழுத்தடியில் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளரும். முதல் சுற்று முடி போகும் திசையில், மறுபடி நுரை பூசி இரண்டாவது சுற்று குறுக்கே. எதிர்த்திசை வேண்டவே வேண்டாம், முக்கியமாகச் சுருள்முடிக்காரர்களுக்கு. தோலுக்குக் கீழே வெட்டுப்பட்ட முடி வளைந்து உள்ளேயே வளர்ந்து கொப்புளமாகும்.

சலூனில் உட்காருகிறவர்கள் கத்தியில் புது அரை பிளேடு உங்கள் கண்ணெதிரே உறை பிரித்து மாட்டப்படுகிறதா என்று பாருங்கள். அதை எல்லோரும் பார்க்கிறார்கள். படிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒரே கட்டி பத்துப் பேரின் கீறல் மேல் உரசிப் போகிறது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ரத்தம் வழியாகப் பரவுபவை. நாட்டு மருந்துக் கடையில் சின்னக் கட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது படிகாரம் வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் என்றால் கட்டியை நனைத்துத் தடவி, அரை நிமிடம் விட்டு, அந்த இரண்டாவது டம்ளர் கேன் தண்ணியில் முகத்தைக் கழுவிவிடுங்கள். கடைசி அலசல் போர்த் தண்ணியில் என்றால் பிசுக்கு மறுபடி படிந்து, அக்னி நட்சத்திரத்து வியர்வை பட்டதும் அரிக்கும். மே மாதத்தில் ஷேவை ராத்திரிக்கு மாற்றிக்கொள்வது உத்தமம்.

பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். பவுடர் டப்பா மூடியில் பிளேடு நுழைகிற அளவு ஒரு கீறல் போட்டு, அதில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு டப்பா நிறைய வருஷக்கணக்கில் ஆகும். நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே "பிளேடு" என்று எழுதி, தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள். நம் குப்பையைக் கையால்தான் பிரிக்கிறார்கள்.