ஸ்பிரிங்கர்லே சுட ஒரு பேரி மர அச்சு

தெற்கு ஜெர்மனியின் ஸ்வாபியப் பகுதியில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தில் சுடப்படும் ஸ்பிரிங்கர்லே, முட்டை, சர்க்கரை, மாவு, அனிஸ் விதை ஆகியவற்றைத் தவிர வேறு பெரிய பொருள் எதுவும் சேராத வெள்ளை நிற பிஸ்கட். அதன் அழகு முழுவதும் மேற்புறத்தில் புடைத்து நிற்கும் சித்திரத்தில் இருக்கிறது. ஆகவே அச்சு சரியில்லை என்றால் கைப்பக்குவம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஸ்டுட்கார்ட்டில் ஒரு கைவினைக் கடையில் நான் வாங்கிய, விண்மீனைப் பின்தொடர்ந்து குழந்தை இயேசுவைக் காண வந்த மூவரசர் உருவம் குடைந்த, உள்ளங்கை அளவுள்ள பேரி மர அச்சைப் பற்றியது இந்த மதிப்புரை.

பேரி மரம் இழை நெருங்கியது என்பதால் நுணுக்கமான வேலைப்பாட்டைத் தாங்குகிறது. இந்த அச்சில் ஒட்டகத்தின் கடிவாளம்கூடத் தெளிவாகப் பதிகிறது. 500 கிராம் மாவுக்கு அதே அளவு பொடித்த சர்க்கரையும் 4 முட்டைகளும் என்பது வழக்கமான கணக்கு. முட்டையையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்து, மாவைச் சேர்த்துப் பிசைந்து, ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, மாவு தூவித் தட்டிய அச்சை நேராக அழுத்தி எடுத்தபோது ஓரங்கள் சிதையவில்லை. அழுத்தம் சமமாக விழ உதவுவது அச்சின் கனமான முதுகுப்புறம்.

அச்சின் ஆழத்துக்கு உண்மையான சோதனை அதன் பிறகுதான் வருகிறது. வெட்டிய துண்டுகளை ஒரு நாள் முழுவதும் அறையிலேயே உலரவிட வேண்டும். மேற்புறம் இறுகிச் சித்திரத்தைப் பிடித்துக்கொள்ள, குறைந்த சூட்டில் வேகும்போது ஈரமுள்ள அடிப்பகுதி மட்டும் உப்பி, பிஸ்கட்டைப் பீடம்போல் தூக்கி நிறுத்துகிறது. இந்த உப்பலுக்கு மான்கொம்பு உப்பு என்று வழங்கும் அம்மோனியம் கார்பனேட்டை ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள். வேகும்போது ஓவனிலிருந்து வரும் நெடி சற்றே மூக்கைத் துளைக்கும், ஆறியபின் பிஸ்கட்டில் அது இராது. கோடுகள் மேலோட்டமாகக் குடைந்த உருளைகளில் இதே மாவை உருட்டிப் பார்த்தேன்; உலரும்வரை நன்றாகத் தெரிந்த படங்கள் வெந்து வந்ததும் மங்கிவிட்டன. வேலை விரைவாக முடியும் என்பதற்காக உருளையை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. விண்மீனின் கூரிய முனைகளில் மாவு அடைத்துக்கொள்கிறது. உலர்ந்த தூரிகையால் உடனே தட்டி எடுக்காவிட்டால் அடுத்த பதிவு கெடும். மரம் என்பதால் தண்ணீரில் ஊறவைக்கவும் முடியாது, ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும். கழுவும் வசதியை விரும்புவோருக்குப் பழைய அச்சுகளின் நகலாகப் பிசினில் வார்த்தவை கிடைக்கின்றன. அவற்றின் பதிவும் கூர்மையானதே. விலை 30 யூரோவுக்கு மேல் என்பது ஒரேயொரு படத்துக்கு அதிகம்தான், ஆனாலும் பராமரித்தால் தலைமுறை தாண்டி நிற்கும் பொருள்.

வாங்குவதாக இருந்தால் நவம்பர் நடுவிலேயே வாங்கிவிடுவது நல்லது. சுட்ட கையோடு கல்லாக இருக்கும் ஸ்பிரிங்கர்லே, தகர டப்பாவில் ஓர் ஆப்பிள் துண்டோடு இரண்டு மூன்று வாரம் இருந்தால்தான் மென்மையாகும்.