தலைப்பிரட்டை பார்க்க ஒரு கண்ணாடித் தொட்டி: இரண்டு மழைக்காலம் கழித்து

பொள்ளாச்சியில் வண்ணமீன் கடை ஒன்றில் அளவு சொல்லிச் செய்து வாங்கிய தொட்டி இது. நீளம் 15 செ.மீ., உயரம் 10, அகலம் வெறும் 3. விலை 380 ரூபாய். அளவைச் சொன்னதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏனுங்க சார், இதுல என்ன மீனுங்க விடப் போறீங்க? திரும்பக்கூட முடியாதுங்களே."

"மீன் இல்லீங்க, தலைப்பிரட்டை. திரும்பக் கூடாதுன்னுதான் 3 செ.மீ."

நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்துகிறவன். மச்சான் வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். ஜூனில் மழை பிடித்துவிட்டால் சனிக்கிழமை தோறும் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். அக்காவுக்குத் தம்பி பாசத்தில் வருகிறான் என்று நினைப்பு. மச்சானுக்கு விஷயம் தெரியும்.

தொட்டி எதற்கு என்றால், மேலிருந்து பார்க்கும்போது எல்லாத் தலைப்பிரட்டையும் கறுப்பு மையில் ஒரு கமா போட்ட மாதிரிதான் இருக்கும். கண் தலைக்கு மேலே இருக்கிறதா பக்கத்திலா, வால் துடுப்பு எவ்வளவு உயரம், எங்கே தொடங்குகிறது, வாய் கீழே பார்க்கிறதா முன்னே பார்க்கிறதா, இதையெல்லாம் பக்கவாட்டில் பார்த்தால்தான் எந்தக் கூட்டம் என்று சொல்ல முடியும். முதலில் ஆன்லைனில் ஓர் அக்ரிலிக் பெட்டி வாங்கினேன். மணல் ஒட்டியிருந்ததைத் துண்டால் துடைத்தேன், அவ்வளவுதான். ஒரே சீசனில் பனி படிந்த ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு மழைக்காலம் போயும் ஒரு கீறல் கிடையாது.

இந்தத் தொட்டி கைக்கு வந்த முதல் வாரம் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்துச் சாக்கடை ஓரத்தில் கூட்டமாக மொய்த்துக்கொண்டிருந்த தேரைத் தலைப்பிரட்டைகளில் ஒன்றைக் கரண்டியால் மொண்டு விட்டேன். சாதாரணத் தேரைதான், வீட்டு வாசல் விளக்கடியில் பூச்சி பிடிக்க உட்கார்ந்திருக்குமே, அது. இரண்டு நிமிடம் அங்குமிங்கும் முட்டியது. அப்புறம் முன்பக்கக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு சுரண்டத் தொடங்கியது. போனில் 15 மடங்கு கிளிப் லென்ஸை மாட்டி அந்த வாயைப் பார்த்தேன். நடுவில் கறுப்பாக ஓர் அலகு. அலகுக்கு மேலே 2 வரிசை, கீழே 3 வரிசை, சீப்பின் பல் மாதிரி நுணுக்கமான உதட்டுப் பற்கள். மேலே இருக்கும் இரண்டாவது வரிசை மட்டும் நடுவில் விட்டுப்போயிருக்கிறது. வாய் திறந்து மூடும்போது அந்த ஐந்து வரிசையும் விரிந்து, பாசியை வழித்துக்கொண்டு குவிகின்றன. பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் இந்த வாயை ஒரு கோடாகத்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

அடுத்து, குறுவாய்த் தவளைக் கூட்டத்துத் தலைப்பிரட்டை ஒன்று, தேங்கிய குட்டையில் கிடைத்தது. இதற்கு உதட்டுப் பல்லே கிடையாது. சுரண்டுவதில்லை, தண்ணீரை வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. உடம்பு கண்ணாடி மாதிரி; உள்ளே சுருண்ட குடல் தெரிகிறது. நடுத்தண்ணீரில் அப்படியே தொங்குகிறது, வால் நுனி மட்டும் நூல் போல அதிர்ந்துகொண்டே இருக்கிறது. டம்ளரில் விட்டால் ஃபோகஸை விட்டு நழுவிக்கொண்டே இருக்கும். 3 செ.மீ. அகலத்தின் அருமை இங்கேதான் தெரிந்தது. பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் படம் நன்றாக வருகிறது. கறுப்புச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். என் முதல் இருபது படங்களில் தலைப்பிரட்டையைவிட என் கட்டம் போட்ட சட்டைதான் தெளிவாக இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. விளிம்புகளைத் தேய்க்காமலே கொடுத்துவிட்டார்; முதல் நாளே கட்டைவிரலில் ரத்தம். உப்புத்தாள் வாங்கி நானே தேய்த்தேன். உள்ளே நகரும் ஒரு கண்ணாடித் தடுப்பும் கேட்டிருந்தேன், தலைப்பிரட்டையை மெல்ல முன்பக்கம் நகர்த்துவதற்கு. செய்தார், ஆனால் ஓரத்தில் 2, 3 மி.மீ. இடைவெளி. குட்டியாக இருப்பது அதில் நுழைந்து பின்பக்கம் போய்விடுகிறது. சிலிக்கான் பசை காயும்முன் கையில் தந்துவிட்டதால் இரண்டு நாள் வினிகர் வாடை வேறு. வாடை போனபிறகும் ஒரு நாள் தண்ணீர் ஊற்றி வைத்து, அதைக் கொட்டிவிட்டுத்தான் உயிர் எதையும் விட்டேன். தண்ணீரோடு முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கிறது.

பின்பக்கக் கண்ணாடியில் லேமினேட் செய்த மி.மீ. கிராஃப் தாள் ஒட்டியிருக்கிறேன். தலைப்பிரட்டையின் வளர்ச்சியை 46 நிலைகளாகப் பிரித்து 1960இல் காஸ்னர் என்ற ஆய்வாளர் போட்ட அட்டவணையைத்தான் உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். 26ஆம் நிலையில் பின்னங்கால் மொட்டு விடும், 42இல் முன்னங்கால் வெளியே வரும். என் மாணவர்கள் இந்தத் தொட்டி வழியாகவே பின்னங்கால் விரல்களைப் பார்த்து நிலை சொல்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: முன்னங்கால் வரும் சமயத்தில் உதட்டுப் பற்கள் உதிர்ந்துவிடும். அது தெரிந்திருந்தும் ஒருநாள் "பல் இல்லை, ஆகவே குறுவாய்" என்று பிள்ளைகள் முன்னால் அடித்துச் சொன்னேன். நான்கு நாளில் அது தேரைக்குஞ்சாக ஏறி உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது.

வால்பாறைக் காட்டோரத்தில் இரவு ஏழு மணிக்கு மேல் புதர் புதராக "டிக் டிக்" என்று கத்துகிறவற்றுக்கு இந்தத் தொட்டியால் ஒரு பயனும் இல்லை. அவை புதர்த்தவளைகள், ராவோர்கெஸ்டஸ் பேரினம். 60க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகி வெளியே வருகின்றன. பார்க்க ஒன்றுபோல இருக்கும் இவற்றைப் பிரித்தறியக் குரல்தான் பெரிய துணை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது இங்கே நமக்கு வசதி. ஓடையோரம் காலைத் தூக்கி ஆட்டும் நடனத் தவளைகளின் தலைப்பிரட்டையோ ஓடை மணலுக்குள் புதைந்து வாழ்கிறது. அது அறிவியலுக்குத் தெரிய வந்ததே 2016இல்தான். இந்திரானா என்ற தவளை வகையினுடையது தண்ணீர் கசியும் பாறைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொட்டியில் போடாமல் பாறையிலேயே பார்ப்பது மேல்.

பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே வாழும் ஊதாத் தவளை கதை இன்னும் வேடிக்கை. முதல் உலகப்போர் சமயத்திலேயே விலங்கியலாளர்கள் அன்னண்டேலும் நாராயண ராவும் அதன் தலைப்பிரட்டையை விவரித்துவிட்டார்கள், வெள்ளத்திலும் பாறையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் வாயோடு. வளர்ந்த தவளைக்குத் தவளை ஆய்வாளர்கள் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசூயும் பெயர் வைத்தது 2003இல். நடுவில் எண்பது வருடத்துக்கு மேல், பிள்ளை யார் என்று தெரியும், பெற்றவர் யார் என்று தெரியாது! ஆக, 380 ரூபாய்த் தொட்டி இனப்பெயர் சொல்லிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்தக் குடும்பம் என்பது வரை கொண்டுபோய் விடும்.

வாங்குகிறவர்களுக்கு: வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நான் எஸ்டேட் ஓடையோடு நிறுத்திக்கொள்கிறேன், அதுவும் மேனேஜரிடம் சொல்லிவிட்டு. எடுத்த இடத்துத் தண்ணீரையே ஊற்றி, பத்து நிமிடத்தில் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அட்டைப்பூச்சிக்குப் பயந்து மூக்குப்பொடி தடவிய கையைத் தண்ணீரில் விடவே கூடாது. தவளைகளுக்குப் பூஞ்சை நோய் பரவும் காலம் இது, ஆகவே ஓர் ஓடையில் பயன்படுத்தியதைக் கழுவி நன்றாகக் காயவைத்துத்தான் அடுத்த ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். போன மாதம் பள்ளிக்கு ஆறு தொட்டி சொல்லப் போனபோது, அந்தத் தேரை வாய் வீடியோவைக் கடைக்காரரிடம் காட்டினேன். இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "அஞ்சு வரிசைங்களா?" என்றவர், பையனைக் கூப்பிட்டு விளிம்பெல்லாம் தேய்க்கச் சொன்னார். விலைதான் இப்போது 420.